‘அன்லிமிடெட்’ திட்டமும் அன்றாட அளவும்

நூல் வாங்கும்போது சிட்டத்தை எடை போட்டுப் பார்க்கிறோம். ஜரிகை வாங்கும்போது அதன் தரத்தைச் சோதித்துப் பார்க்கிறோம். நெல்லை விற்கும்போது தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அளவில் ஏமாறாதிருப்பது உழவருக்கும் நெசவாளருக்கும் பரம்பரையாக வந்த பழக்கம். ஆனால் நம் குடும்பங்களிலிருந்து இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் வெளியே செல்லும் ஒரு தொகை இருக்கிறது. அத்தொகைக்கு ஈடாக நமக்கு என்ன அளந்து தரப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? செல்பேசி ரீசார்ஜைப் பற்றித்தான் சொல்லுகிறோம். ‘அன்லிமிடெட்’, அதாவது வரம்பற்றது, என்ற பெயரில் விற்கப்படும் மலிவுத் திட்டங்களில் உண்மையில் என்ன வரம்பு இருக்கிறது, அது யாரைப் பாதிக்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தறியிலிருந்து ஆலைக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று தறி ஓடும் வீடுகளிலும் ஏர் பிடிக்கும் வீடுகளிலும் பிள்ளைகளுள் ஒருவராவது ஆலை வேலைக்குச் செல்வது சாதாரணமாகி விட்டது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் செல்பேசி ஆலையைத் திறந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கப்பெற்றது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதியில் உற்பத்தியை நிறுத்தியபோது பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின. பின்னர் அதே வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் செல்பேசிக்கான மின்னேற்றிகளைச் செய்ய முன்வந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. வல்லம்-வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி 2024 ஆகஸ்டு மாதம் திறந்து வைக்கப்பட்டது. ஒரு சிற்றூர், ஏன், ஒரு சிறு நகரமே ஒரு வளாகத்துக்குள் வாழ்கிறது என்று சொல்லலாம்.

உலகெங்கும் விற்பனையாகும் செல்பேசிகளைத் தம் கையால் பூட்டி அனுப்பும் இப்பிள்ளைகளுக்கும், ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் அவர்களுடைய சொந்தச் செல்பேசியே. சம்பளம் வந்ததா என்று பார்ப்பதும், வீட்டுக்குப் பணம் அனுப்புவதும், இரவில் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் அதன் வழியேதான். ஊரிலும் அப்படியே. புட்டாவின் நிறத்தையும் முந்தானையின் அமைப்பையும் படமெடுத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறார் நெசவாளர். 2018ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் மானியத்தையும் விலை நிலவரத்தையும் பார்க்கிறார் விவசாயி. ஆகவே செல்பேசிச் செலவை இன்று கேளிக்கைச் செலவு என்று தள்ளிவிட இயலாது. அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடச் சம்பளம் ஆகியவற்றின் வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது.

சொல்லும் பொருளும்

‘அன்லிமிடெட்’ என்ற சொல் இத்திட்டங்களில் பெரும்பாலும் பேச்சு அழைப்புகளையே குறிக்கிறது. எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை. இது மெய்தான். குறுஞ்செய்திகளுக்கு நாளொன்றுக்கு நூறு என்ற எல்லை பொதுவாக உண்டு. டேட்டாவோ நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்தே தரப்படுகிறது. வாட்ஸ்அப் வழியாகப் பேசும் அழைப்பும், முகம் பார்த்துப் பேசும் அழைப்பும் இந்த அளவிலிருந்தே கழியும் என்பதை நம் அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அன்றைய அளவு தீர்ந்த பிறகு என்ன நேருகிறது? இணைப்பு அறுந்து போவதில்லை, வேகம் குறைக்கப்படுகிறது. நொடிக்கு 64 கிலோபிட் என்பது பல திட்டங்களில் காணப்படும் எல்லை. பி.எஸ்.என்.எல். திட்டங்கள் பலவற்றில் அது 40 கிலோபிட். இணைப்பு அறுபடவில்லை என்பதைக் கொண்டே ‘வரம்பற்றது’ என்னும் பெயர் காப்பாற்றப்படுகிறது.

இந்த வேகம் எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 64 கிலோபிட் என்பது நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்குவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். புடவையின் புகைப்படம் ஒன்று மூன்று எம்பி இருக்குமானால், அது போய்ச் சேர ஆறு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முகம் பார்த்துப் பேசுவது நடவாத காரியம். இந்த வேகத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓயாமல் இறக்கினாலும் கிடைப்பது ஏறத்தாழ 690 எம்பி மட்டுமே. ஒன்றரை ஜிபியில் பாதிகூட அதில் இல்லை. சொல்லளவில் எல்லை இல்லை. செயலளவில் எல்லை இருக்கிறது. அளவு கூறி விற்கும் பண்டத்தில் இத்தகைய பேச்சை நம் சங்கப் பண்டகசாலையில் அனுமதிப்போமா?

இந்நிலை வந்த வரலாறு

நியாயம் கூறவேண்டுமானால், டேட்டா மலிந்திருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டில் ஒரு ஜிபியின் சராசரி விலை நம் நாட்டில் சுமார் 269 ரூபாய். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ரிலையன்ஸ் ஜியோ தன் சேவையை இலவசமாகத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் அச்சலுகையை நீட்டித்தபோது நாளொன்றுக்கு ஒரு ஜிபி என்ற வரம்பு விதிக்கப்பட்டது. மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைத்து இதே வழியைப் பின்பற்றின. சில ஆண்டுகளுக்குள் ஒரு ஜிபியின் விலை பத்து ரூபாய் அளவுக்கு இறங்கிற்று. அன்றாட அளவு என்ற முறையும் அத்துடன் நிலைபெற்றது.

மலிவு என்றும் அப்படியே நிற்கவில்லை. 2019 டிசம்பரிலும், 2021 இறுதியிலும், 2024 ஜூலையிலும் தனியார் நிறுவனங்கள் கட்டணங்களை உயர்த்தின. 2024 ஜூலையில் ஜியோவின் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாயிற்று. அன்றைய அளவு தீர்ந்தபின் வாங்கும் ஒரு ஜிபி கூடுதல் டேட்டா 15 ரூபாயிலிருந்து 19 ரூபாயாயிற்று. அளவில்லா 5ஜி சேவையும் நாளொன்றுக்கு இரண்டு ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் வரையறுத்தன. மலிவான திட்டத்தை எடுப்பவருக்கு, அவரிடம் 5ஜி செல்பேசி இருந்தாலும், அச்சலுகை இல்லாது போயிற்று.

ஷிப்டும் நள்ளிரவும்

அன்றாட அளவின் உண்மையான பாரம் ஆலைத் தொழிலாளர் மீதே விழுகிறது என்பது நம் கருத்து. காரணம் எளிது. உற்பத்தித் தளத்துக்குள் செல்பேசியைக் கொண்டு செல்ல அனுமதியாத ஆலைகள் பல. வேலை நேரமும், பேருந்தில் செல்லும் நேரமும், உறங்கும் நேரமும் போக, அந்தப் பெண்ணின் கையில் செல்பேசி இருப்பது சொற்ப நேரமே. இரண்டாம் ஷிப்டை முடித்து இரவில் விடுதிக்கு வந்து சேர்பவருக்கு அன்றைய அளவைப் பயன்படுத்த மிஞ்சுவது ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோ. நள்ளிரவு பன்னிரண்டு அடித்தவுடன் மிஞ்சிய டேட்டா மறைந்துபோகிறது. புதிய நாளின் அளவு தொடங்குகிறது.

வார விடுமுறை நாளில் நிலைமை தலைகீழ். அன்றுதான் வீட்டாருடன் நெடுநேரம் பேச முடியும். அன்றுதான் அஞ்சல்வழிப் படிப்பின் பாடங்களைப் பார்க்க முடியும். ஒன்றரை ஜிபி மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தொழிலாளி வேலை நாட்கள் ஆறிலும் நாளொன்றுக்கு அரை ஜிபி பயன்படுத்துகிறார். நாள்தோறும் ஒரு ஜிபி வீதம் ஆறு ஜிபி மறைந்துபோகிறது. விடுமுறை நாளில் அவருக்கு மூன்று ஜிபி தேவை. கையில் இருப்பது ஒன்றரை. பற்றாத ஒன்றரைக்காக, 2024 ஜூலை விலைப்படி, 19 ரூபாய்ச் சீட்டு இரண்டு வாங்குகிறார். நான்கு வாரங்களில் 152 ரூபாய். இது திட்டத்தின் விலையில் பாதிக்கு மேல். அதே நான்கு வாரங்களில் அவர் விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்தாது இழந்தது 24 ஜிபி. தமக்கு ஏற்கெனவே உரிமையான பண்டத்தையே அவர் இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்குகிறார் என்பதன்றோ இதன் பொருள்?

மிஞ்சியதைச் சேர்த்து வைக்க இயலாது என்று எவரும் கூற முடியாது. வோடபோன்-ஐடியா நிறுவனம் வார நாட்களில் மிஞ்சும் டேட்டாவைச் சனி ஞாயிறுகளில் பயன்படுத்தும் வசதியை 2020ஆம் ஆண்டில் சில திட்டங்களுக்கு அளித்தது. ஆகவே இது தொழில்நுட்பத்தில் கடினமான காரியமன்று; மனமிருந்தால் செய்யக்கூடியதே.

இத்துடன் நாள் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மாதம் என்று நாம் எண்ணுவது பல திட்டங்களில் 28 நாள். ஓராண்டில் பன்னிரண்டு முறை அன்று, பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். 299 ரூபாய்த் திட்டமானால் ஆண்டுக்கு 3,588 ரூபாய்க்குப் பதிலாக 3,887 ரூபாய். வீட்டில் மூன்று செல்பேசிகள் இருந்தால் 11,661 ரூபாய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2022 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டத்தையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டத்தையும் வழங்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அத்தகைய திட்டங்கள் இருக்கின்றன. கேட்டு வாங்குவோர்தான் குறைவு.

வரம்பு ஏன்?

நிறுவனங்கள் கூறும் காரணத்தையும் கேட்க வேண்டும். காற்றில் செல்லும் அலைவரிசை அளவுக்குட்பட்டது. ஒரு கோபுரத்தின் திறனை அதன் எல்லைக்குள் இருப்போர் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். பல்லாயிரம் பேர் தங்கும் விடுதியில் ஷிப்டு முடிந்த வேளையில் எல்லோரும் ஒரே சமயம் படம் பார்க்கத் தொடங்கினால் ஒருவருக்கும் சரியாகக் கிடைக்காது. ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல இதற்கும் ஒரு முறை வேண்டும் என்பது நியாயமே. ஆனால் நெரிசல் உண்டாவது குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில். விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் பயன்படுத்தாத கோபுரத்தின் கீழும் அதே வரம்பு செல்லுபடியாகிறதென்றால், அது நெரிசலைத் தடுக்க மட்டும் ஏற்பட்ட விதியாகத் தோன்றவில்லை.

இவ்விஷயத்தில் அமெரிக்காவில் நடந்ததை அறிவது பயன் தரும். அங்கே டிராக்ஃபோன் என்ற நிறுவனம் குறைந்த வருமானத்தார் விரும்பும் முன்பணத் திட்டங்களை விற்று வந்தது. மாதம் சுமார் 45 டாலருக்கு ‘வரம்பற்ற டேட்டா’ என்று விளம்பரம் செய்தது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியோரின் வேகத்தைப் பெரிதும் குறைத்தது. சிலருக்கு டேட்டாவை அடியோடு நிறுத்தியது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை, செலவைக் குறைப்பதே நோக்கம் என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2015 ஜனவரியில் 4 கோடி டாலரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க நிறுவனம் இசைந்தது. ஏ.டி. அண்டு டி. என்ற பெரிய நிறுவனத்தின் மீதும் இவ்வாறே 2014இல் வழக்குத் தொடரப்பட்டது. 2019இல் 6 கோடி டாலரில் அது முடிவுற்றது. வரம்பு வைத்ததற்காக அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. வரம்பை வைத்துக்கொண்டு, வரம்பில்லை என்று சொல்லி விற்றதே குற்றமாகக் கருதப்பட்டது.

நம் நாட்டில் அன்றாட அளவு திட்டத்தின் விவரத்தில் குறிப்பிடப்படுகிறது. ஆகவே நிலைமை முற்றிலும் ஒன்றன்று. எனினும் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் மற்றொன்றும் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. 2016ஆம் ஆண்டில் டிராய் சில நல்ல விதிகளைச் செய்தது. டேட்டாவில் பாதி, 90 விழுக்காடு, 100 விழுக்காடு தீரும்போது வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. கம்பி வழி வரும் நிலையான பிராட்பேண்ட் இணைப்பில் வரம்பு தாண்டிய பின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் குறையக்கூடாது என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் பாதுகாப்பு செல்பேசிக்கு அளிக்கப்படவில்லை. வீட்டில் இணைப்பு வைத்திருப்பவருக்கு ஒரு தளம் போட்டுத் தந்த சட்டம், செல்பேசி ஒன்றையே நம்பியிருப்பவரைத் தரையில் நிறுத்திவிட்டது.

இது கல்வியையும் தொடும் விஷயம். கொரோனாக் காலத்தில் வகுப்புகள் செல்பேசிக்கு மாறியபோது, தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஜிபி டேட்டாவை இலவசமாக அளிக்க முன்வந்தது. டேட்டா இல்லையேல் பாடம் இல்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்ட சான்று இது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவது, அவரவர் தேவையை அவரவர் அளக்க வேண்டும். எவ்வளவு டேட்டா எதற்குச் செலவாயிற்று என்பதைச் செல்பேசியின் அமைப்புப் பக்கமே காட்டும். ஒரு மாதம் அதைக் குறித்துவந்தால் உண்மை விளங்கிவிடும். வேலை நாளில் குறைவாகவும் விடுமுறையில் மிகுதியாகவும் பயன்படுத்துவோர், அன்றாட அளவு இல்லாமல் மொத்தமாக இத்தனை ஜிபி என்று தரும் திட்டங்களை விசாரிப்பது நலம். படங்கள் தாமாகவே ஓடுவதையும், வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் தாமாகவே இறங்குவதையும் நிறுத்தி வைப்பது சிக்கனத்துக்கு வழி.

இரண்டாவது, வீட்டிலுள்ள பெரியோரின் செல்பேசி. பொத்தான் செல்பேசியில் பேச மட்டுமே செய்யும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் டேட்டா சேர்த்த திட்டம் எதற்கு? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வழங்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. அத்தகைய சிறப்புச் சீட்டுகளின் காலவரையறையை 365 நாள் வரை நீட்டிக்கவும் இடமளித்தது. இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, முறையீடு. அறிவிப்பு வராமலோ, சொன்ன அளவு தராமலோ போனால் நிறுவனத்தின் முறையீட்டு மையத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குச் செல்லலாம். எண் இல்லாத முறையீடு காற்றில் எழுதிய கணக்கு.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் சிக்கனத்தால் ஆகும் காரியம் ஓரளவே. இந்த மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், நம் காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. வட்டிக் கணக்கைத் தனியாக நின்று சமாளிக்க முடியாதவர்கள் அன்று ஒன்று சேர்ந்தார்கள். இன்று டேட்டாக் கணக்குக்கும் அதே மருந்தைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் பி.எம்.-வானி என்ற பொது வைஃபைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி ஒரு தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ, பதிவுபெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றின் மூலம், பொது டேட்டா நிலையமாக இயங்கலாம். அந்தக் கடைக்கு உரிமமும் இல்லை, கட்டணமும் இல்லை. இத்தகைய நிலையங்களிடம் இணைப்புக்கு மிகுதியான கட்டணம் கேட்கப்படுவது முன்பு தடையாயிருந்தது. 2025 ஜூனில் டிராய் அதற்கும் ஓர் எல்லை வகுத்தது. 200 மெகாபிட் வரையிலான இணைப்புக்குச் சாதாரண வீட்டு இணைப்பின் கட்டணத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று ஆணையிட்டது.

நம் சங்கக் கட்டடத்தில் ஒரு பிராட்பேண்ட் இணைப்பை வைத்து இத்திட்டத்தில் சேர்ந்தால் என்ன? வீட்டு பிராட்பேண்ட் திட்டங்கள் பலவற்றில் காணும் மாத வரம்பு 3,300 ஜிபி. ஒன்றரை ஜிபித் திட்டம் 28 நாளில் தருவது 42 ஜிபி. முன்னது பின்னதைப்போல் எழுபது மடங்குக்கு மேல் என்பதைக் கணக்குப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வர். நெசவாளர் தம் டிசைன் படங்களைச் சங்கத்திலிருந்தே அனுப்பலாம். மாணவர் பாடங்களை இறக்கிக்கொண்டு வீட்டில் பார்க்கலாம். விடுமுறைக்கு ஊர் வரும் ஆலைத் தொழிலாளியும் கூடுதல் சீட்டு வாங்காமல் தம் படிப்பைத் தொடரலாம்.

ஆகவே இரு தீர்மானங்களை நம் சங்கங்களின் அடுத்த மகாசபைக் கூட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, பொது டேட்டா நிலையம் அமைப்பதற்கான செலவு வரவைக் காரியதரிசி மதிப்பிட்டு வைக்கவேண்டும். மற்றொன்று, செல்பேசித் திட்டங்களிலும் வரம்பு தாண்டிய பின் குறைந்தபட்ச வேகம் நிர்ணயிக்கப்பட வேண்டும், மிஞ்சிய அளவு அடுத்த நாளுக்குச் சேர வேண்டும் என்று டிராய்க்கு எழுதவேண்டும். கட்டண விஷயங்களில் முடிவு செய்யுமுன் அவ்வாணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். அப்போது நிறுவனங்களின் குரல் தவறாமல் ஒலிக்கிறது. நம் குரலும் அங்கே சேரவேண்டும்.

1956ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே சீரான எடை அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் சேரும் வீசையும் படிப்படியாக விலகிக் கிலோகிராம் வந்தது. ஊருக்கு ஊர் மாறிய படியும் மரக்காலும் ஒழிந்து, வாங்குவோனும் விற்போனும் ஒரே அளவைப் பேசத் தொடங்கினர். கண்ணுக்குத் தெரியாத பண்டமாகிய டேட்டாவுக்கும் அத்தகைய நேர்மையான அளவு வேண்டுமென்று கேட்பது நம் உரிமை. அதுவரை, ரீசார்ஜ் செய்யும்முன் சிறிய எழுத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நம் கடமை.